நான் கட்டிவிட்ட கொண்டை

லண்டன் கிரீன் ஸ்ட்ரீட்டில் நான் வேலை செய்த பலசரக்குக் கடையில் மேல்தட்டுச் சாமான் எடுக்க ஒரு மடக்கு ஏணி இருந்தது. அக்கா கடைக்குள் வந்துவிட்டால் அந்த ஏணிக்கு வேலையில்லை. யாராவது ஒரு கட்டையான அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றால் போதும். அக்கா பின்னால் வந்து, ஒன்றும் கேட்காமல், கையை நீட்டி மாவுப் பையையோ தேங்காய்ப்பால் டின்னையோ இறக்கி அந்த அம்மாவின் கூடையில் வைத்துவிடுவார். நன்றி சொல்லத் திரும்பினால், "நான் நிக்கிறன்தானே" என்பார். அவ்வளவு உயரம். அவ்வளவு சுருக்கமான பேச்சு.

அவருடைய பேச்சில் எனக்குப் பிடித்த இரண்டு சொற்களில் இது ஒன்று. மற்றது இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. அவருக்காக ஒருவர் ஒரு கதவைத் திறந்து பிடித்தாலும், ஒரு கதிரையை இழுத்துப் போட்டாலும், "மினக்கெடாதேங்கோ" என்பார். பணிவுக்காகச் சொல்கிற சொல் என்றுதான் முதலில் நினைத்தேன். போகப்போகத்தான் அது ஒரு சட்டம் என்று தெரிந்தது. தனக்காக உலகத்தில் ஒருவரும் மினக்கெடக் கூடாது என்ற சட்டம்.

சொந்த அக்கா இல்லை. அப்டன் பார்க்கில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த இரண்டு பெண்கள் நாங்கள். கீழே முன்னறை அவருக்கு, மேலே பின்னறை எனக்கு, சமைக்கும் குசினி பொது. அவர் மன்னார்க்காரி, கத்தோலிக்கர். பாரிசில் பல வருடம் இருந்து, கணவர் போன பிறகு லண்டனுக்கு வந்தவர். பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஓட்டுநருக்கு இன்னும் "மெர்சி" என்றுதான் சொல்லுவார். "இது லண்டன் அக்கா" என்றால், "நன்றி எந்தப் பாஷையில சொன்னாலும் பஸ் ஓடும் பிள்ளை" என்பார்.

ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் என்று ரசம் வைத்துக் கீழே கொண்டுபோனேன். எழும்பி வந்து வாசலிலேயே நின்று குடித்தார். படுத்துக்கொண்டு குடித்தால் நான் பக்கத்தில் இருக்க வேண்டி வருமாம். அரை மணித்தியாலத்தில் கதவு தட்டும் சத்தம். கழுவித் துடைத்த கோப்பையோடு, அதற்குள் இரண்டு அப்பிள் பழத்தோடு, படியேறி வந்து நிற்கிறார். வெறும் கோப்பையைத் திருப்பிக் கொடுக்க முடியாதே. அந்தப் படியேற்றத்தில் காய்ச்சல் கூடிப்போனது.

இப்படிப்பட்ட ஒருவரின் தலையை நான் மூன்று வருடத்துக்கு மேல் தினமும் இழுத்துப் பின்னிவிட்டேன் என்று சொன்னால், அவரைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். நம்பாமல் போனதுதான் கதையே.

அது 2009, பன்றிக் காய்ச்சல் வந்த வருடம். அக்கா ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு துப்புரவு வேலை. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு முதலில் தடுப்பூசி போட்டார்கள். ஒரு நீள வரிசை. ஊசி போட்டவர் ஓர் இளம் ஆண் தாதி. அக்கா சீருடைக்கு உள்ளே, குளிருக்கு, முழுக்கை வைத்த சட்டை போட்டிருந்தார். கையை முழுதாக எடுப்பதென்றால் திரைக்குப் பின்னால் போய்ச் சட்டையைக் கழற்ற வேண்டும். பின்னால் அத்தனை பேர் நிற்கிறார்கள். முன்னால் ஓர் ஆண்பிள்ளை. அக்கா சட்டையின் கழுத்தைப் பிடித்து ஒரு பக்கமாகக் கீழே இழுத்து, தோள் உச்சியை மட்டும் காட்டினார். கதிரை கிடந்த பக்கத்துக்கு வலது தோள்தான் வாய்த்தது. தாதியைச் சுற்றி வரவைக்கக் கூடாது என்று அதையே கொடுத்தார். அவரும் அவசரத்தில் தெரிந்த இடத்தில் குத்திவிட்டார்.

ஊசி போட வேண்டிய இடம் அதற்குக் கீழே. மேலே குத்தியதில் ஊசி தசைக்குப் போகாமல் மூட்டுப் பக்கம் போய்விட்டது. இதெல்லாம் பிறகு நாங்கள் படித்துக்கொண்டது. அன்றைக்கு, "மெர்சி தம்பி" என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போய் மிச்சத் தரையைத் துடைத்திருக்கிறார்.

அந்த வலது கையைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அதே வருடம் சித்திரை, வைகாசியில் ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி நாங்கள் எல்லோரும் பாராளுமன்றத்துக்கு முன்னால் நாட்கணக்காக நின்றோம். ஒரு பெரிய பதாகையின் ஒரு பக்கத் தடியை அக்காவிடம் கொடுத்திருந்தார்கள், உயரமானவர் என்று. மழை பெய்தும் இறக்கவில்லை. யாராவது மாறிப் பிடிக்க வந்தால், "மினக்கெடாதேங்கோ, நான் நிக்கிறன்தானே." அந்தக் கைதான் மார்கழியில் ஒரு தேநீர்க் கோப்பையை அலுமாரிக்குள் வைக்க முடியாமல் நின்றது.

எனக்கு அது உடனே தெரியாது. சொன்னால்தானே. ஒரு விடியற்காலை குசினிக்குள் போனேன். அக்கா இஸ்திரி போடும் மேசையின் முன்னால் குனிந்து, தலையை அந்த மேசைமேல் வைத்திருந்தார். ஏதோ மயக்கம் என்று பதறிப்போனேன். இல்லை. இடுப்பு வரை வளர்ந்த தலைமயிரை மேசையில் விரித்துப்போட்டு, இடது கையால் இழுத்து, பல்லால் ரப்பர் வளையத்தைப் பிடித்துக் கட்டப் பார்க்கிறார். மூன்று கிழமையாக அப்படித்தானாம்.

"மினக்கெடாதை பிள்ளை, முடிஞ்சுது" என்றார், மேசையில் கன்னத்தை வைத்தபடியே.

நான் சீப்பை வாங்கினேன். அவர் விடவில்லை. சீப்பின் ஒரு பக்கம் அவர் கையில், மறுபக்கம் என் கையில். கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். பிறகு அவர் கை தளர்ந்தது.

"வெளியில ஒருத்தருக்கும் சொல்லப்படாது" என்றார்.

"சொல்ல மாட்டன் அக்கா."

"கோயில்லயும்."

"ஓம், கோயில்லயும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் குசினிக் கதிரையில் அவர் இருப்பார், நான் பின்னால் நிற்பேன். அவ்வளவு உயரமான மனுசியின் உச்சந்தலையை அதுவரை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். வகிட்டில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. "நோகுதே?" என்று கேட்டால், "நோ கிடக்கட்டும், சிக்கு கிடக்கக் கூடாது" என்பார். உள்சட்டைக் கொளுக்கியும் நான்தான் போட்டுவிட வேண்டும். அந்த வேலை நடக்கும்போது மட்டும் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பாரிசில் ஒரு பேக்கரியைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவார். கொளுக்கி மாட்டியதும் பேக்கரி பூட்டுப்படும். அந்தப் பேக்கரியின் கதையை நான் முழுதாகக் கேட்டதே இல்லை.

குடும்ப வைத்தியர் போகப்போகச் சரிவரும் என்றார். சரிவரவில்லை. மூட்டு இறுகிப்போனது. ஆஸ்பத்திரியில் இலேசான வேலை கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே மேற்பார்வை செய்த பெண் ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் கேட்டிருக்கிறார், முழு ஆஸ்பத்திரியும் ஊசி போட்டது, உனக்கு மட்டும் கை போனதா என்று. அக்கா வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தலை இழுக்கும்போது, திரும்பாமலே கேட்டார்.

"பிள்ளை, என்னைப் பார்த்தால் பொய்க்காரி மாதிரியோ கிடக்கு?"

அதற்குப் பிறகுதான் இல்ஃபோர்ட்டில் ஒரு தமிழ் வக்கீலிடம் போனோம். நகைக்கடைக்கு மேலே ஒரு சின்ன அலுவலகம். நல்ல பொறுமைசாலி. "ஊசியில பிழையில்லை அக்கா, குத்தின இடத்திலதான் பிழை" என்று விளக்கினார். சட்டையைக் கழுத்தால் இழுத்தது தன்னுடைய பிழைதானே என்று அக்கா வாதாடினார், எதிர்த்தரப்புக்கு வந்த வக்கீல் மாதிரி. "கழட்டச் சொல்ல வேண்டியது அவையின்ர பொறுப்பு, உங்கட இல்லை" என்று அவர் மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. தடுப்பூசியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசாங்கத்தின் உதவி ஒன்றும் இருக்கிறது, ஆனால் அது மிக மோசமாக முடமானவர்களுக்கு மட்டும்தான், "அதுக்கு உங்கட நோ காணாது" என்றார், அந்த உதவிக்கு வலி போதாது என்ற கருத்தில். அக்காவுக்கு அந்த வசனம் நிரம்பப் பிடித்துப்போனது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், "என்ர நோ காணாதாம் பிள்ளை" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

வக்கீல் கடைசியாகக் கேட்டார், உங்களுக்கு இந்த வழக்கில் என்ன வேண்டும் என்று.

"நான் பொய் சொல்லேல்லை எண்டு ஆராவது எழுதித் தரவேணும்."

"அப்பிடி ஒரு கடதாசி சட்டத்தில இல்லை அக்கா. அவை தாறது காசு மட்டும்தான்."

"அப்ப காசோட சேத்து எழுதட்டும்."

வழக்கென்றால் நீதிமன்றம், கறுப்பு அங்கி என்று நினைத்திருந்தோம். அது முழுக்கக் கடிதம்தான். ஒரு கடிதம் போகும், மாதக்கணக்கில் மறுமொழி வராது. அதற்கிடையில் அக்காவின் வேலை போனது. வேலை போன பிறகு விடிய எழும்பத் தேவையில்லை. ஆனாலும் அதே நேரத்துக்கு அந்தக் கதிரையில் இருப்பார். நான் கடைக்குப் போகப் பிந்திவிடக் கூடாது என்று.

பிறகு எதிர்த்தரப்பின் வைத்தியர் ஒருவர் அக்காவைப் பரிசோதிக்க வேண்டுமென்று நாள் குறித்தார்கள். நடு லண்டனில் ஒரு பெரிய கட்டிடம். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறதே, வைத்தியரிடம் போவதென்றாலும் கோயிலுக்குப் போவதுபோல் வெளிக்கிட்டுத்தான் போவோம். கசங்கிய உடுப்போடும் கலைந்த தலையோடும் போனால் அவருக்கு மரியாதை இல்லை என்ற நினைப்பு. அக்கா கருநீலச் சேலையை எடுத்து வைத்தார். நான் கொசுவம் பிடித்து ஊசி குத்திவிட்டேன். அன்றைக்கு வெறும் பின்னல் போதாது என்று, பின்னி, மேலே சுற்றி, ஊசிகள் குத்தி, ஒரு மயிர் வெளியே வராமல் கொண்டை கட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த வடிவான வேலைகளில் அது ஒன்று. கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினேன். "நல்லாக் கிடக்கு" என்றார். அவர் வாயால் அப்படி வருவது பெரிய விஷயம்.

கூட வருகிறேன் என்றதற்கு, "மொழிபெயர்க்க ஆள் போட்டிருக்கினம், நீ மினக்கெடாதை" என்று கடைக்கு அனுப்பிவிட்டார். நானும் போய்விட்டேன்.

அந்த வைத்தியரின் அறிக்கை வந்த அன்று வக்கீல் எங்களை வரச் சொன்னார். அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டு போனார். கையைத் தோளுக்கு மேல் உயர்த்த முடியாது என்கிறார். ஆனால் தலைமயிர் உயரத்தில் மிக நேர்த்தியாக முடியப்பட்டிருந்தது. கேட்டபோது, அதைத் தானே செய்வதாகச் சொன்னார். இவை இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பாதிப்பைக் கூட்டிச் சொல்கிறார் என்று கருதுகிறேன்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன். "ஏன் அக்கா ஓம் எண்டு சொன்னீங்கள்?"

பதில் வர மூன்று தரிப்பிடம் ஆனது.

"மொழிபெயர்க்க வந்தவர் ஆர் தெரியுமே? எங்கட தமிழ்ப் பூசையில வாசகம் வாசிக்கிறவர். என்ர தம்பியின்ர வயசு. அவருக்கு முன்னால, எனக்கு வேற ஒருத்தி தலை இழுத்துவிடுறாள், உடுப்பு மாட்டிவிடுறாள் எண்டு தமிழில சொல்லச் சொல்லுறியோ? வெள்ளைக்காரனுக்கு மட்டும் எண்டால் சொல்லியிருப்பன். அவனுக்கு என்னைத் தெரியாது."

மொழிபெயர்த்த அந்த மனிதரிலும் பிழையில்லை. கேட்டதைக் கேட்டார், சொன்னதைச் சொன்னார். பிழை என்றால் என் கையில் இருந்தது. அவ்வளவு வடிவாகக் கட்டியிருக்க வேண்டாம்.

வக்கீல் ஒரு வழி சொல்லியிருந்தார். தலை இழுத்துவிட்டது நான் என்று நானே சாட்சியாக எழுதிக் கொடுக்கலாம். அதற்கு அக்கா சம்மதிக்க வேண்டும். அன்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேன்.

"நீ சத்தியம் பண்ணினனி" என்றார்.

"அப்ப பொய்க்காரி எண்டு எழுதினது அப்பிடியே கிடக்கட்டுமோ அக்கா?"

எழும்பிப் போய்விட்டார். அடுத்த நாள் காலை கதிரை வெறுமையாக இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். நல்ல வெயில் காலம். அக்கா கம்பளித் தொப்பி ஒன்றைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குள் திரிந்தார். அதற்குள் தலை என்ன கோலத்தில் இருந்ததோ. நான் குசினியில் சீப்பை மேசைமேல் வைத்துவிட்டு, தேநீரைக் குடித்துவிட்டு, வேலைக்குப் போனேன். மூன்று நாள். ஊரில் போர் நடந்தபோதுகூட நான் ஒருவர் வருவாரென்று அப்படிக் காத்திருந்ததில்லை என்று சொன்னால் மிகைப்படுத்துவதாக நினைப்பீர்கள். நினையுங்கள்.

நான்காம் நாள் வந்து கதிரையில் இருந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"நீ எழுதப்போறதை ஆரார் வாசிப்பினம்?"

"அந்த வைத்தியர், வக்கீல்மார்."

"எல்லாம் வெள்ளைக்காரரோ?"

"எங்கட வக்கீலைத் தவிர எல்லாம்."

சீப்பை எடுத்து என்னிடம் நீட்டினார். "அப்ப இழு. இழுத்துப்போட்டு எழுது."

சிக்கெடுக்கவே அரை மணித்தியாலம் ஆனது. நான் அன்று கடைக்குப் பிந்தித்தான் போனேன். அன்று மட்டும் அக்கா மினக்கெடாதை என்று சொல்லவில்லை.

அலுவலகத்தில், அக்காவுக்குக் கையைத் தூக்க ஏலாது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று வக்கீல் கேட்டார். "ரெண்டு வருஷம் அந்தத் தலையைப் பிடிச்ச கைக்குத் தெரியாதே" என்றேன். அவர் சிரித்துவிட்டு, அது இங்கே செல்லாது, கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள் என்றார். அதனால் கண்டதைச் சொன்னேன். இஸ்திரி மேசை. பல்லில் ரப்பர் வளையம். சீப்பின் இரண்டு பக்கம். பரிசோதனைக்குப் போன அன்று கொண்டையைக் கட்டியது நான். கேட்டபோது ஓம் என்று அவர் சொன்னது வெட்கத்தால். பேக்கரியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அவர் ஆங்கிலத்தில் தட்டெழுதித் தந்தார். கையெழுத்து வைத்தேன்.

அடுத்த வருடம் எதிர்த்தரப்பிலிருந்து முடிவுக் கடிதம் வந்தது. இழப்பீடு தருவதாக எழுதியிருந்தார்கள். பிழையை ஏற்றுக்கொள்ளாமல் தருகிறார்களாம். வக்கீல் இதுதான் வழமை, இது வெற்றிதான் என்று தொலைபேசியில் சொன்னார். அக்கா என்னை இரண்டு தரம் வாசிக்க வைத்தார். பிறகு தன் விரலை அந்தக் கடிதத்தில் வைத்து மேலிருந்து கீழே கொண்டுவந்தார்.

"நம்பினம் எண்டு எந்த இடத்தில கிடக்கு?"

"அப்பிடி எழுத மாட்டினம் அக்கா. நம்பினபடியால்தானே காசு தருகினம்."

"எழுதேல்லை."

"இல்லை அக்கா. எழுதேல்லை."

கடிதத்தை மடித்து என்னிடமே தந்தார். முன்னறைக்குப் போகப் புறப்பட்டவர் வாசலில் நின்றார். "உன்ர கடதாசியின்ர கொப்பி ஒண்டு வக்கீல் தந்தவரெல்லே? அதைத் தா." எடுத்து வந்து கொடுத்தேன். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் நின்ற நிலையில் அதைக் கடைசிவரை பார்த்தார், என் கையெழுத்து வரை. பிறகு செபப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். இழப்பீட்டுக் கடிதம் இன்னும் என் பெட்டிக்குள் கிடக்கிறது. அவர் அதைக் கேட்கவே இல்லை.

லண்டனில் வேலையில்லாமல் என்ன செய்வது என்று, பாரிசில் இருக்கும் தங்கையிடம் போக முடிவெடுத்தார். போகிற காலை வழமையைவிட மெதுவாகப் பின்னினேன். அவருக்கும் தெரிந்திருக்கும். முடிந்ததும் இடது கையால் பின்னலை முன்னால் இழுத்து நுனிவரை தடவிப் பார்த்தார்.

பிறகு ஞாயிறுகளில் தொலைபேசி. ஒவ்வொரு தரமும் நான், "ஆர் அக்கா இப்ப தலை இழுத்துவிடுறது?" என்று கேட்பேன். "அதெல்லாம் நடக்குது பிள்ளை" என்பார். தங்கைதான் இழுத்துவிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அந்தத் தங்கைமேல் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. அந்தத் தழும்பு எந்த இடத்தில் இருக்கிறது, சீப்பை எங்கே மெதுவாகக் கொண்டுபோக வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசிப்பேன்.

ஒரு வருடத்துக்குப் பிறகு அக்காவின் பெறாமகளின், அந்தத் தங்கையின் மகளின், கலியாணப் படம் ஒன்று தபாலில் வந்தது. பின்வரிசையில் எல்லோரையும்விட உயரமாக அக்கா. கருநீலச் சேலை. தலைமயிர் காதுக்குக் கீழே இல்லை. ஆம்பிளைப்பிள்ளைக்கு வெட்டுவதுபோல் ஒட்ட வெட்டியிருந்தது. தங்கையிடம் பிறகு கேட்டேன். போன மூன்றாம் நாளே தானாகக் கடைக்குப் போய் வெட்டிக்கொண்டு வந்தாராம். "நாங்கள் எல்லாரும் சத்தம் போட்டோம், ஒருத்தரும் மினக்கெடத் தேவையில்லை எண்டு சொல்லிப்போட்டா" என்றார்.

படத்தைப் பிடித்துக்கொண்டு குசினியில் அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளே ஒரு மூலையில் ஒரு சின்னச் சந்தோசம். எனக்குப் பிறகு அந்தத் தலையை ஒருவரும் தொடவில்லை.

அந்த ஞாயிறு அக்காவே தொலைபேசியில் அழைத்தார். படம் வந்ததா என்று கேட்டார்.

"வந்தது அக்கா. தலை வடிவாக் கிடக்கு."

"பொய் சொல்லாதை பிள்ளை" என்றார்.

நானும் தொலைபேசியை வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை.